அப்பாவின் காணொளி பரவிவிட்டது, பதில் காணொளி போடலாமா?

ஒரு மகள் எழுதிய கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 58 வயது. சிங்கப்பூரில் ஓர் உணவங்காடியில் சாப்பிட்டுவிட்டுத் தட்டை எடுத்து வைக்காமல் எழுந்திருக்கிறார். மேசை துடைக்கும் அம்மா ஒருவர் ஏதோ சொல்ல, அப்பா கத்திவிட்டார். பக்கத்து மேசையிலிருந்து யாரோ எடுத்த 38 வினாடிக் காணொளி மூன்று நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. "கிழவியை அடித்தார்" என்று ஒரு தலைப்பு வேறு. அடிக்கவில்லை என்பது காணொளியிலேயே தெரிகிறது. யாரோ ஒருவர் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் புளோக் எண்ணையும் தங்கை படிக்கும் பள்ளியின் பெயரையும் கீழே போட்டிருக்கிறார். "வீட்டுக்கே போய் நாலு சாத்து சாத்துங்கள்" என்று அதற்கு ஒரு பதில். அப்பா வேலைக்குப் போகவில்லை, மின்தூக்கியில் ஏறவே தயங்குகிறார். "அவர் செய்தது தப்புதான். ஆனால் இதற்கு இவ்வளவா? எங்கள் பக்கத்தைச் சொல்லி நாங்களும் ஒரு காணொளி போடட்டுமா?" என்று மகள் கேட்டிருக்கிறார்.

போடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன் நான் யார் என்று சொல்லிவிடுவது நியாயம். நான் வழக்கறிஞன் இல்லை. பல வருடம் செய்தியாளனாக இருந்தேன். இப்போது இப்படி மாட்டிக்கொண்ட குடும்பங்களோடு சட்ட ஆலோசனைக்கும் காவல் நிலையத்துக்கும் துணைக்குப் போகிறேன். இந்தக் கதவின் இரண்டு பக்கமும் நின்றவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வேலை. அதை இன்றைக்கே, இதைப் படித்து முடிப்பதற்கு முன்பேகூடச் செய்துவிடலாம். புளோக் எண் போட்ட பதிவு, பள்ளிப் பெயர் போட்ட பதிவு, "சாத்துங்கள்" என்ற பதில், "அடித்தார்" என்ற தலைப்பு என ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பதிவு மட்டும் தெரிந்தால் போதாது. போட்டவரின் கணக்குப் பெயர், தேதி, நேரம், இணைய முகவரி எல்லாம் தெரிய வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. ஆத்திரத்தில் முதலில் தளத்துக்குப் புகார் கொடுக்கிறார்கள், தளம் பதிவை நீக்கிவிடுகிறது. இரண்டு நாள் கழித்துக் காவல் நிலையத்தில் அதிகாரி "எங்கே, காட்டுங்கள்" என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருப்பதில்லை. முதலில் படம், அப்புறம்தான் புகார்.

சரி, பதில் காணொளி ஏன் வேண்டாம்?

இப்போது அந்தக் காணொளியைப் பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு உங்கள் அப்பாவின் பெயர்கூடத் தெரியாது. அவர்களுக்கு அவர் "தட்டு அங்கிள்". நீங்கள் முகத்தைக் காட்டிப் பெயரைச் சொல்லிப் பேசினால் அந்த அங்கிளுக்குப் பெயர், குடும்பம், மகள் எல்லாம் கிடைத்துவிடும். உங்கள் காணொளியை யாரோ வெட்டி, பழைய காணொளியோடு ஒட்டி, அடுத்த சுற்றை ஆரம்பிப்பார்கள். தளங்களின் கணக்கும் அப்படித்தான்: திட்டுவதற்காக எழுதினாலும் தாங்குவதற்காக எழுதினாலும் கமெண்ட் கமெண்டுதான், பதிவு மேலே ஏறும். ஒரு குடும்பத்தில் பெரியப்பா மகன் ஒருவன் நல்ல எண்ணத்தில் ஒரே இரவில் அறுபது பேருக்குப் பதில் எழுதினான். மறுநாள் காலையில் அவன் வேலையிடத்தின் பெயரும் வெளியே வந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தம்பி இருந்தால், முதலில் அவன் கையிலிருந்து போனை வாங்கி வையுங்கள்.

இனி சட்டம். பலரும் இதைத் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பொது இடத்தில் ஒருவரைப் படம் எடுப்பது சிங்கப்பூரில் பொதுவாகக் குற்றமில்லை. "என் அனுமதி இல்லாமல் எடுத்துவிட்டான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனால் கதவு திறக்காது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2012-ல் வந்த அந்தச் சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவது. சொந்த முறையில் போனைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தனிமனிதர் அதில் அடங்கமாட்டார். பொய்ச் செய்திக்கு எதிரான 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் உங்களுக்கு உதவாது. அது பொதுநலனுக்காக அமைச்சர்கள் பயன்படுத்தும் ஆயுதம்.

உங்களுக்கானது துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து "போஹா" என்பார்கள். 2014 நவம்பரில் நடப்புக்கு வந்தது. 2019-ல் திருத்தப்பட்டு, ஒருவரின் அடையாள விவரங்களை வெளியிட்டுத் தொல்லை கொடுப்பது 2020 ஜனவரி 1 முதல் தனிக் குற்றமானது. "டாக்சிங்" என்று பிள்ளைகள் சொல்வார்களே, அதுதான். பெயர், முகவரி, தொலைபேசி எண், படம், வேலையிடம், பள்ளி, குடும்பத்தினர் பற்றிய விவரம் எல்லாம் இதில் அடங்கும். எனவே தங்கையின் பள்ளிப் பெயரும் அடங்கும்.

ஆனால் நோக்கம் என்ன என்பதைச் சட்டம் பார்க்கும். சட்டத்துக்குள்ளேயே உதாரணங்கள் கொடுத்திருக்கிறார்கள். சாலையில் ஒருவர் தாறுமாறாகக் கார் ஓட்டுவதைப் படம் எடுத்து, மற்றவர்கள் கவனமாக ஓட்டட்டும் என்ற எண்ணத்தில் போட்டால் அது குற்றமில்லை. ஒருவரைத் தேடிப்பிடித்துப் பாடம் கற்பிக்கச் சொல்லும் பதிவுக்குக் கீழே, அவரைக் கண்டுபிடிக்க வசதியாக இன்னொருவர் அவருடைய வீட்டு முகவரியைப் போட்டால் அது குற்றம். முகவரி கொடுத்தவர் "நான் யாரையும் மிரட்டவில்லையே, எண்ணைத்தானே போட்டேன்" என்று தப்பிக்க முடியாது.

இதை உங்கள் விஷயத்தோடு ஒட்டிப் பாருங்கள். காணொளியை எடுத்துப் போட்டவரை ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். புளோக் எண்ணைப் போட்டவர் வேறு, "சாத்துங்கள்" என்றவர் வேறு. இவர்கள் இருவர் மீதும்தான் உங்கள் புகார் நிற்கும். தொல்லை கொடுக்கும் நோக்கத்தோடு விவரங்களை வெளியிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வன்முறைப் பயத்தை உண்டாக்கவோ வன்முறையைத் தூண்டவோ செய்தால் சிறை 12 மாதம் வரை போகும். "எல்லோர் மேலும் கேஸ் போடுவேன்" என்று கிளம்பினால் ஒருவர் மேலும் நிற்காது. நாலாயிரம் பேர் திட்டியிருப்பார்கள், அதில் இரண்டு மூன்று பதிவுதான் உங்களுக்கு முக்கியம்.

"அடித்தார்" என்ற பொய்த் தலைப்புக்கு வேறு வழி இருக்கிறது. துன்புறுத்தல் வழக்குகளுக்கென்றே 2021 ஜூன் 1 முதல் தனி நீதிமன்றம் இயங்குகிறது. பொய்யான கூற்றை நீக்கவோ, அதோடு திருத்தம் சேர்க்கவோ உத்தரவிடும்படி அங்கே கேட்கலாம். தொல்லையை நிறுத்தப் பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம். அவசரம் என்றால் விரைவுப் பாதுகாப்பு உத்தரவுக்கு மனு செய்யலாம். அதை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் விசாரிப்பதும், வன்முறை அபாயம் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் விசாரிப்பதும் நீதிமன்றத்தின் இலக்கு. விண்ணப்பத்தை இணையத்திலேயே பூர்த்தி செய்யலாம். வழக்கறிஞர் இல்லாமலும் முடியும், ஆனால் ஒருமுறை சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது. இலவசச் சட்ட உதவி தரும் புரோ போனோ எஸ்ஜி அமைப்பின் ஆலோசனை நேரம் குறைவு. நடந்ததைத் தேதி வாரியாக ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கதை சொல்ல ஆரம்பித்தால் உணவங்காடிக்கு ஏன் போனார் என்பதற்கே நேரம் முடிந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2025 நவம்பரில் நாடாளுமன்றம் இணையப் பாதுகாப்புக்கென ஒரு புதிய சட்டத்தை நிறைவேற்றியது. அதன் கீழ் அமையும் ஆணையம், தீங்கான பதிவை அகற்றும்படி தளங்களுக்கே உத்தரவிடலாம். முதற்கட்டமாக எடுத்துக்கொள்ளப்படும் தீங்குகளில் டாக்சிங்கும் ஒன்று. ஆணையம் 2026-ன் முதல் பாதியில் இயங்கத் தொடங்கும் என்று அறிவித்திருந்தார்கள். உங்கள் விஷயத்துக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது கசப்பான ஒரு விஷயம். இதே சட்டம் அப்பாவையும் பார்க்கும். மிரட்டலாகவோ, இழிவாகவோ பேசி ஒருவரை மனவேதனைப்படுத்துவதும் போஹாவில் குற்றம்தான், 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. அந்த அம்மாவோ வேறு யாரோ புகார் கொடுத்திருந்தால் காவல்துறை கூப்பிடலாம். கூப்பிட்டால் போய், நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்லுங்கள். தட்டு விஷயத்துக்கு வந்தால், உணவங்காடிகளில் 2021 செப்டம்பர் முதல் தட்டைத் திருப்பி வைக்காதவர்கள் மேல் நடவடிக்கை உண்டு. முதல் தடவை எழுத்துபூர்வமான எச்சரிக்கை, இரண்டாவது தடவை 300 வெள்ளி. அரசாங்கம் அந்தத் தவறுக்கு முதலில் போடுவது ஒரு கடிதம். ஊர் போட்டது என்ன என்று உங்களுக்கே தெரியும். "இதற்கு இவ்வளவா" என்று நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ஊர் ஆளையே மாற்றிப் போடுவதும் உண்டு. 2017-ல் தோ பாயோ உணவங்காடியில் மேசைக்காக ஒரு முதியவரை இடித்துத் தள்ளிய ஜோடியின் காணொளி பரவியபோது, அந்தப் பெண் ஒரு வங்கியின் ஊழியர் என்று இணையத்தில் கைகாட்டிவிட்டார்கள். வங்கி மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. 2020 மே மாதம் சுன்ஃபூ சந்தையில் முகக்கவசம் போட மறுத்த பெண்ணின் காணொளி வந்தபோதும் அதே கதைதான். சம்பந்தமே இல்லாத நிறுவனத் தலைவி ஒருவரை அவர்தான் என்று சொல்லி வசைபாடித் தீர்த்தார்கள். உங்கள் புளோக்கிலேயே அப்பாவைப் போன்ற கண்ணாடி போட்ட இன்னொரு அங்கிள் இருந்தால், அவரும் இந்த வாரம் தலையைக் குனிந்துகொண்டுதான் நடந்துகொண்டிருப்பார்.

செய்தியாளர்கள் வந்தால் என்ன செய்வது? இதில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஈசூனில் ஒரு வீட்டுக்கு என்னை அனுப்பினார்கள். அந்த வீட்டுக்காரர் ரயிலில் ஏதோ செய்ததாக ஒரு புகைப்படம் சுற்றிக்கொண்டிருந்தது. மரக்கதவு திறந்திருந்தது, இரும்புக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே தொலைக்காட்சிச் சத்தம். "சார், ஒரு நிமிஷம்" என்றேன். சத்தம் நின்றது. யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தரையோடு தரையாக ஒரு கை கம்பிகளுக்கு நடுவே வெளியே வந்தது. வளையல் போட்ட கை. வெளியே காலணி அடுக்கில் இருந்த சின்னப் பிள்ளையின் வெள்ளைப் பள்ளிக் காலணி ஒரு ஜோடியை, ஒவ்வொன்றாக, உள்ளே இழுத்துக்கொண்டது. பெரியவர்களின் செருப்பெல்லாம் அப்படியே கிடந்தது. அப்புறம் மரக்கதவு சாத்தப்பட்டது. நான் அலுவலகத்துக்குத் திரும்பி, "அவர் கருத்துரைக்க மறுத்துவிட்டார்" என்று எழுதினேன். மறுத்ததாக எழுதியது எப்படிச் சரியாகும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

எனவே செய்தியாளர் வந்தால் கதவைத் திறந்து, "இப்போது பேச விரும்பவில்லை, வீட்டில் பிள்ளை இருக்கிறாள், படம் எடுக்காதீர்கள்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். பேச வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கோபமாகக் கதவை அறைவதும் செய்தியாகும் என்பதால் மட்டும் மெதுவாகச் சாத்துங்கள்.

தங்கையின் பள்ளிக்கு நாளைக் காலையே நீங்களோ அம்மாவோ போன் செய்யுங்கள். வகுப்பாசிரியரிடம் நடந்ததைச் சொல்லி, பள்ளிப் பெயர் வெளியே வந்துவிட்டது, யாராவது கேட்டுவந்தால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். அப்பாவின் மேலாளருக்கும் அதேபோல அப்பாவே சொல்ல வேண்டும். பெரும்பாலும் அவர் காணொளியைப் பார்த்திருப்பார், இவர் வாயால் சொல்கிறாரா என்றுதான் காத்திருப்பார். தானாகச் சொன்னதால் எல்லோருக்கும் வேலை தப்பியது என்று உறுதி கொடுக்க மாட்டேன். ஆனால் சொல்லாமல் விடுப்பிலேயே இருந்து, மனிதவளத்துறை கூப்பிட்டுக் கேட்கும்வரை விட்டவர்களின் நிலைமை மோசமாகத்தான் முடிந்திருக்கிறது.

மின்தூக்கிக்கு வருவோம். 2000-ல் அமெரிக்க உளவியலாளர்கள் சிலர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மாணவர்களிடம் ஒரு பாடகரின் படம் போட்ட, போடவே வெட்கப்படும்படியான டி-சட்டையைக் கொடுத்து, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டதற்கு, கிட்டத்தட்டப் பாதிப் பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிதான். அப்பாவின் நிலைமை டி-சட்டையைவிடப் பெரிது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் தலையில் இப்போது எரியும் விளக்கின் வெளிச்சத்தில் பாதி அவரே ஏற்றியது. மின்தூக்கியில் ஏறுகிறவர்கள் அவரவர் போனைத்தான் பார்க்கிறார்கள். அதில் அவருடைய காணொளியே ஓடினாலும், எதிரே நிற்பவரோடு சேர்த்துப் பார்க்கிற ஆள் குறைவு.

அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். முதல் நாள் நீங்கள் கூடப் போங்கள், குப்பை போடக் கீழே போகிற அளவுக்கு. மறுநாள் கடை வரைக்கும். சாப்பிடாமல், தூங்காமல், "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் அதைப் புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். 1767 என்ற எண்ணில் தற்கொலைத் தடுப்புக்கான எஸ்ஓஎஸ் அமைப்பு 24 மணி நேரமும் இருக்கிறது, 1771 தேசிய மனநல உதவி எண். நம் வீட்டு ஆண்கள் அந்த எண்ணைத் தாமாக அழுத்த மாட்டார்கள். நீங்கள் அழுத்திக் கையில் கொடுங்கள்.

கூகளைப் பற்றியும் ஒரு வரி. தேடினால் வீட்டு முகவரியோ தொலைபேசி எண்ணோ வருகிறது என்றால் அந்த முடிவை நீக்கும்படி கூகளிடமே கேட்கலாம். காணொளியே தேடலில் வராமல் செய்வது வேறு கதை. ஐரோப்பாவில் இருப்பதுபோல் "என்னை மறந்துவிடுங்கள்" என்று கேட்கும் பொது உரிமை இங்கே இல்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நாலாயிரம் பேரிடம் உங்கள் பக்கத்தைச் சொல்லி முடிக்க முடியாது. ஆனால் இந்த விஷயத்தில் அப்பா பதில் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார், அந்த மேசை துடைத்த அம்மா. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் தரப்பிலிருந்து காவல்துறைப் புகார் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், ஆலோசனை கேட்காமல் நேரில் போகாதீர்கள், மிரட்டப் போனதாக அர்த்தமாகிவிடும். இல்லையென்றால், மதிய நெரிசல் ஓய்ந்து மூன்று மணி வாக்கில் போங்கள். அப்பாவும் நீங்களும் மட்டும். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். படம் எடுத்துவைத்துக்கொள்வோம், பின்னால் உதவும் என்று வீட்டில் ஒருவர் நிச்சயம் சொல்வார். கேட்காதீர்கள். போனைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு முதல் காணொளிதான் ஞாபகம் வரும். இந்த வாரம் அவரையும்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவரிடமும் யாரும் அனுமதி கேட்கவில்லை.

நான் துணைக்குப் போன ஒரு குடும்பத்தில் தகப்பனார் கையில் பழப்பையோடு போனார். மேசை துடைக்கும் அந்தப் பாட்டி ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியில் ஏதோ சொன்னார், இவருக்குப் புரியவில்லை. பக்கத்துக் கடைக்காரர் மொழிபெயர்த்தார்: "தட்டை அங்கே வை, பையை இங்கே வை என்கிறார்." பழத்தை வாங்கிக்கொண்டாரா என்று இப்போது எனக்கு ஞாபகம் இல்லை. அவர் காட்டிய திசையில் மூன்று மேசை தள்ளித் தட்டு அடுக்கு இருந்தது, அதற்குப் பக்கத்து மேசையில் யாரோ விட்டுப்போன தட்டு ஒன்று. தகப்பனார் போய் அதை எடுத்து வைத்துவிட்டு வந்தார்.